‘எனி டிகிரி’ குழு: நான்கு ஆண்டு உறுப்பினரின் மதிப்புரை

செல்போனுக்கு மதிப்புரை எழுதுகிறார்கள், பிரியாணிக் கடைக்கு எழுதுகிறார்கள். நான் ஒரு வாட்ஸாப் குழுவுக்கு எழுதுகிறேன். நான்கு ஆண்டாக அதில் இருக்கிறேன், ரீசார்ஜ் என் காசு, ஆகவே எனக்கு உரிமை உண்டு.

கல்லூரி சென்னையில் இருக்கிறது, அரசு உதவி பெறுவது. பெயர் வேண்டாம், இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் அந்த விடுதியில்தான் சோறு சாப்பிட வேண்டும். 2022இல் செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து பி.ஏ. வரலாறு சேர்ந்தேன், இப்போது அங்கேயே எம்.ஏ. முதலாண்டு. சேர்ந்த வாரமே எங்கள் எண்களை வாங்கி ஒரு குழுவில் போட்டார்கள். ‘ஆர்ட்ஸ் ஈவென்ட்ஸ் அண்ட் ஆப்பர்ச்சூனிட்டீஸ்’ என்று பெயர். வரலாறு, தமிழ், ஆங்கிலம், பொருளியல், அரசியல் அறிவியல் என்று ஐந்து துறைக்கும் பொது. அட்மின் மட்டும்தான் எழுத முடியும், நாங்கள் படிக்கலாம். இது நல்ல ஏற்பாடு என்றே இன்றும் நினைக்கிறேன். ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ வராத ஒரே குழு என் போனில் இதுதான்.

மாணவிகளுக்குள் இதற்கு வேறு பெயர். ‘எனி டிகிரி’ குழு. வேலைவாய்ப்புப் போஸ்டர்களில் பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ. என்று வரிசையாகப் போட்டுவிட்டு, கடைசியில் சின்ன எழுத்தில் ‘எனி டிகிரி’ என்று இருக்கும். “அதுதாண்டி நாம” என்று ஒரு சீனியர் அக்கா விளக்கினாள். அப்புறம் எந்தப் போஸ்டர் வந்தாலும் கடைசி வரியிலிருந்துதான் படிப்போம்.

போன செப்டம்பரில் ஒரு மாதம் முழுக்க எண்ணிப் பார்த்தேன். 61 செய்திகள். பாதிக்கு மேல் பொறியியல் பிள்ளைகளுக்கான முகாம்கள், யாரோ அனுப்பியதை அப்படியே தள்ளிவிட்டது. மிச்சத்தில் பெரும்பாலும் வெபினார். வரலாற்றுக்கோ தமிழுக்கோ நேராகப் பொருந்தியவை நான்கு. அந்த நான்கில் இரண்டு, கடைசி நாள் முடிந்த பிறகு வந்தன.

வெபினார்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமராவை அணைத்துவிட்டுத் துணி துவைப்போம், முடிந்ததும் ஒரு படிவம், படிவம் முடிந்ததும் மெயிலில் சான்றிதழ். என்னிடம் 34 இருக்கிறது. இந்த 34ஐயும் கேட்ட ஆள் இதுவரை யாருமில்லை, என் அம்மாவைத் தவிர.

நேரில் போனதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு ‘தேசியக் கருத்தரங்கு’. வேறொரு கல்லூரி, சனிக்கிழமை, கட்டணம் 300 ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தில் அப்போது எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கியது அது. அந்த ஆயிரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நாளுக்குப் போனது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், தலைமையுரையும் வாழ்த்துரையும் முடிய மணி பன்னிரண்டரை. சிறப்புப் பேச்சாளர் இருபது நிமிடம் பேசிவிட்டு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். மத்தியானம் ‘இணை அமர்வு’. ஆளுக்கு நான்கு நிமிடம். கட்டுரை வாசிக்கப் போன நான் தலைப்பையும் முன்னுரையையும் வாசித்தேன், மணி அடித்துவிட்டார்கள். தக்காளி சாதம் நன்றாக இருந்தது. சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று அடித்திருந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு, “எல்லாத்துக்கும் அப்படித்தாம்மா அடிச்சிருக்கு” என்றார் மேசையில் இருந்த பையன். உண்மைதான். அன்றைக்கு அங்கே வந்திருந்த நாற்பது பெண்களும் திருவாளர்கள்.

அன்று திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார்ந்துதான் யோசித்தேன். ஒரு நிகழ்ச்சி எனக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துகொள்ள ஐந்து கேள்விக்குப் பதில் வேண்டும். கட்டணம் எவ்வளவு? எத்தனை மணிக்கு முடியும்? அங்கே சாதாரணக் கட்டணப் பேருந்து போகுமா? தமிழில் பேசுவார்களா, ஆங்கிலத்திலா? கல்லூரிக் கடிதம் வேண்டுமா? பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பேருந்து அந்தச் சாதாரணப் பேருந்துதான். முன்னும் பின்னும் பிங்க் அடித்து ஓடுகிறதே, அது. விடுதிக் கேட் மூடுவது ஆறரைக்கு. இந்த இரண்டையும் வைத்துத்தான் என் சென்னை வரைபடம். குழுவில் வரும் போஸ்டர் எதிலும் இந்த ஐந்தும் இருக்காது. கல்லூரி முதல்வர் படம் இருக்கும், தாளாளர் படம் இருக்கும், விருந்தினர் கோட்டு போட்ட படம் இருக்கும்.

குழுவால் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய நன்மை, நான் போக முடியாமல் போன ஒரு நிகழ்ச்சி. மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் சாயங்காலம் 4.10க்கு ஒரு செய்தி வந்தது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஐந்து மணிக்குச் சொற்பொழிவு, அனைவரும் வருக. நான் அப்போது வகுப்பில் இருந்தேன். நூலகம் தரமணியில். பறந்து போனாலும் கேட் மூடுவதற்குள் திரும்ப முடியாது. ஆனால் அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று ஆண்டு வரலாறு படித்தவளுக்கு அப்படி ஒரு இடம் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பகலில் போனேன். மயிலாப்பூர் வரை பேருந்து, அங்கிருந்து பறக்கும் ரயிலில் தரமணி, பத்து ரூபாய்க்குள் முடிந்தது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த அச்சுப் பொருள்கள் அங்கே இருக்கின்றன. அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள், 1994இல். புத்தகமும் பத்திரிகையும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை, நாடக நோட்டீஸ் என்று நம் வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் காகிதமெல்லாம் அங்கே அட்டவணையில் ஏறியிருக்கிறது. அலமாரியில் நாமே போய்த் துழாவ முடியாது. வேண்டியதை எழுதிக் கொடுத்தால் எடுத்து வந்து தருவார்கள், அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு அதுவே பிடித்திருந்தது. ஒருவர் எனக்காக எழுந்து போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்து, என் முன்னால் பதமாக வைக்கிறார்! கல்லூரியில் பீரோ சாவி கேட்டாலே “எதுக்கு?” என்பார்கள்.

நான் கேட்டது நாடக நோட்டீஸ். என் பெரியப்பா தெருக்கூத்தில் முகவீணை வாசிப்பவர், ஆகவே அந்தப் பக்கம் ஒரு கண். நோட்டீஸில் டிக்கெட் விலை வகைவகையாக அச்சாகியிருந்தது, நாற்காலிக்கு ஒரு விலை, பெஞ்சுக்கு ஒரு விலை, தரைக்கு ஒரு விலை. சாயங்காலம் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, “நம்ம கூத்துக்கு நோட்டீஸ் இருந்துச்சா பெரியப்பா?” என்று கேட்டேன். சிரித்தார். “நமக்கு இன்னாத்துக்கும்மா நோட்டீசு? வெத்தல பாக்கு வெச்சு அட்வான்சு குடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும்.” டிக்கெட் விற்றவனுக்கு அச்சகம் தேவைப்பட்டது, ஊர்ப் பணத்தில் ஆடியவனுக்குத் தேவைப்படவில்லை. அப்படியானால் நாடகத்துக்குக் காகிதத்தில் வரலாறு இருக்கிறது, கூத்துக்கு எங்கே போய்த் தேடுவது? எம்.ஏ. ஆய்வேட்டுக்கு இதைத்தான் எடுத்திருக்கிறேன். 34 சான்றிதழில் ஒன்றுகூட எனக்கு ஒரு கேள்வியைத் தந்ததில்லை.

சரி, மாலைச் சொற்பொழிவுகளுக்கு எப்படிப் போனேன் என்று விடுதித் தோழிகள் கேட்பார்கள். துறைத் தலைவர் கடிதம், அப்பாவிடமிருந்து வார்டனுக்குப் போன், கேட்டில் கையெழுத்து. முதல் தடவை வார்டன் மேடம் நம்பவே இல்லை.

“எங்க, சினிமாவா?”

“இல்ல மேடம், லெக்சர்.”

“பொழுது போய் யாரும்மா லெக்சர் வைக்கிறாங்க?”

இப்போது கேட்பதில்லை. “இன்னிக்கு என்ன தலைப்பு?” என்கிறார்.

குழுவில் வராத இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரு சேவையை எடைபோட அது விட்டுவிட்டதையும் பார்க்க வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறந்தது. உள்ளே போகக் காசு இல்லை. சொந்தப் புத்தகம் படிக்கும் பகுதியில் போட்டித் தேர்வுக்காரர்கள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள், அங்கே முட்டி மோத வேண்டாம். லிஃப்டில் ஏழாம் தளத்துக்குப் போங்கள். வரலாற்றுப் புத்தகங்கள் அங்கேதான், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் அங்கேதான். கம்பெனி காலத்து நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி ஊர் ஊராக ஆள் அனுப்பித் திரட்டிய கைஃபியத்துகளை, அதாவது ஊர் வரலாற்றுக் குறிப்புகளைப் பற்றி மூன்றாம் செமஸ்டரில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்தோம். அந்தச் சுவடிகளில் ஒரு பகுதி ஒரு பேருந்து தூரத்தில் இருக்கிறது என்று எந்தப் போஸ்டரும் சொல்லவில்லை.

எழும்பூர் அருங்காட்சியகமும் அப்படித்தான். 1863இல் பல்லாவரத்தில் கல் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு அங்கே போய்ச் சேர்ந்தது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள். எங்களுக்கு வெள்ளி மத்தியானம் வகுப்பு இல்லை என்று நான்கு பேர் கிளம்பிப் போனோம், வெள்ளிதான் அதற்கு விடுமுறை. கேட்டுக்கு வெளியே வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். அந்தத் தப்பு எங்களுடையது, குழுவின் மேல் போடமாட்டேன்.

ஆகஸ்டில் மெட்ராஸ் தினத்தை ஒட்டி நடக்கும் நடைகள் குழுவில் வருகின்றன, அதற்கு ஒரு சபாஷ். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்த 1639 ஆகஸ்ட் 22ஐ வைத்து, 2004 முதல் கொண்டாடுகிறார்கள். இலவச நடையும் உண்டு, காசு வாங்கும் நடையும் உண்டு, போஸ்டரைப் பார்த்தால் எது எதுவென்று புரியாது. நான் போனது ஞாயிறு காலை ஜார்ஜ் கோட்டைக்கு. 1680இல் பிரதிஷ்டை செய்த புனித மேரி தேவாலயத்து வாசலில் தரையோடு தரையாகப் பதித்த கல்லறைக் கற்களைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றேன். நடத்தியவர் நல்ல விஷயக்காரர், ஆனால் முழுக்க ஆங்கிலம். நான் தமிழில் ஒரு கேள்வி கேட்டதும் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தமிழிலேயே அழகாகப் பதில் சொன்னார், அப்புறம் மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்விட்டார். என் நான்காவது கேள்வி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

காசு வரும் வாய்ப்பு ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 2024 ஜனவரி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி. 1977இல் 22 கடைகளோடு தொடங்கியதாம், இப்போது நடந்து முடிக்கவே கால் வலிக்கும். ஒரு சிறு பதிப்பகத்தின் அரங்கில் ஆள் தேடுகிறார்கள் என்று தமிழ்த் துறை அக்கா ஒருத்தி சொன்னாள். நாளைக்கு 500 ரூபாய், மத்தியானச் சாப்பாடு. பொங்கலுக்கு விடுதி மூடியபோது பெரம்பூர் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு வேலை பார்த்தேன். ஊருக்குப் போகாத முதல் பொங்கல் அது. “கரும்பு வெட்டி வெச்சிருக்கேன், நீ வரல” என்று அப்பா போனில் குறைபட்டுக்கொண்டார். நின்று நின்று கால் வீங்கியது. ஆனால் அந்த நாள்களில் கற்றதை எந்த ‘சாஃப்ட் ஸ்கில்’ பயிற்சியும் தந்திருக்காது. பெயரும் தெரியாமல் எழுதியவரும் தெரியாமல், “போன வருஷம் இந்த மூலையில இருந்துச்சே, மஞ்ச அட்ட” என்று கேட்பவருக்குப் புத்தகத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். பத்து விழுக்காடு தள்ளுபடியை மனக்கணக்கில் கழிக்க வேண்டும். கடைசி நாள் பில் புத்தகத்தில் நான் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருந்ததைப் பதிப்பாளர் பார்த்துவிட்டு, “மெய்ப்பு பார்ப்பியாம்மா?” என்றார். அன்றிலிருந்து பக்கத்துக்குப் பத்து ரூபாய். புதுமைப் பெண் பணம் பி.ஏ.யோடு நின்றுவிட்டது, இந்த மெய்ப்புப் பணம்தான் இப்போது என் செலவுக்கு. அந்தப் பதிப்பகம் எங்கள் கல்லூரியைக் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் கல்லூரியும் புத்தகக் காட்சியில் ஆள் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குமான நெட் தேர்வு அறிவிப்பு குழுவில் வந்துவிடுகிறது, தாமதமானாலும். ஜே.ஆர்.எஃப். என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். வரலாற்று வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும் என்பதை யாரும் போடவில்லை. தமிழ் வழியில் படித்த என் வகுப்புப் பெண் ஒருத்தி அதைத் தெரிந்துகொண்டது, பணம் கட்டிய பிறகு.

ஐந்துக்கு எத்தனை கொடுப்பாய் என்றால் இரண்டரை. ரோஜாப்பூ வராததற்கு ஒன்று, ரோஜா முத்தையா பெயரைச் சொன்னதற்கு ஒன்று, ஆகஸ்ட் நடைகளுக்கு அரை. பொறியியல் படிப்பவளாக இருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன். யாரும் வேண்டுமென்று கெட்டது செய்யவில்லை. ஒருங்கிணைப்பாளர் மேடத்துக்கு வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு, தேர்வுத்தாள், கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழுவுக்கான ஃபைல். வருகிற போஸ்டரைத் தள்ளிவிடத்தான் அவருக்கு நேரம். இத்தனை அறிவிப்பு போட்டோம் என்று ஃபைலில் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கில் 61 என்றால் 61தான், யாருக்குப் பொருந்தியது என்று அங்கே ஒரு கட்டம் கிடையாது.

தீபாவளிக்குப் பிறகு அவரிடம் போய், ஐந்து கேள்வியையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். “பஸ்ஸெல்லாமா போடணும்?” என்றார். “ஆமாம் மேடம்” என்றேன். “அப்ப நீயே எழுதிக் குடு, நான் போடறேன்.”

முதலில் எழுதிக் கொடுத்தது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்தும் இரண்டு ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பைப் பற்றி. எம்.ஏ. முடித்தவர்களுக்கு நுழைவுத் தேர்வு, படிக்கும்போது மாதா மாதம் உதவித்தொகை. இரண்டாவது, தரமணி நூலகத்தின் அடுத்த சொற்பொழிவு. கட்டணம் இல்லை, ஐந்து மணி, பறக்கும் ரயில், துறைத் தலைவர் கடிதம் விடுதிக்கு மட்டும். போஸ்டர் கிடையாது, வெறும் ஐந்து வரி. மேடம் அதைப் போட்டது முந்தாநாள் இரவு எட்டே முக்காலுக்கு. பத்து நிமிடத்தில் எனக்குத் தனியாக ஒரு செய்தி, தெரியாத எண், பொருளியல் முதலாண்டாம், மேல் மாடி அறை.

“அக்கா, கேட் பாஸுக்கு வார்டன்கிட்ட எப்படிக்கா கேக்கறது?”

நாளைக் காலையில் மெஸ்ஸில் இட்லி வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.